சென்ட்எரர் போட்டால் டாம்கேட் பக்கம் வருகிறது, என் மெசேஜை எப்படி அனுப்புவது?

ஜாவா சர்வ்லெட்டில் (வெப் ரெக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் கிளாஸ்) சென்ட்எரர் என்ற மெத்தட் போட்டு 404-உம் (கேட்டது இல்லை என்ற ஸ்டேட்டஸ் நம்பர்) ஒரு மெசேஜும் கொடுத்தால், மொபைல் ஆப்புக்கு ஜேசனுக்குப் (ஆப் படிக்கும் டேட்டா வடிவம்) பதில், சர்வ்லெட்டை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் ஹெச்டிஎம்எல் பக்கம் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோடில் தப்பில்லை, சென்ட்எரரின் வேலையே அதுதான். பஃபரில் (பதில் வெளியே போகுமுன் தங்கும் இடம்) அதுவரை எழுதியதைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை கன்டெய்னர் (இங்கே டாம்கேட்) தலையில் கட்டிவிடும். கன்டெய்னர் வெப்.எக்ஸ்எம்எல் என்ற செட்டிங் ஃபைலில் அந்த நம்பருக்கு எரர்-பேஜ் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் தன்னிடம் இருக்கும் நீலப்பட்டைப் பக்கத்தை, அடியில் டாம்கேட் வெர்ஷனோடு அனுப்பிவிடும். (லைவ் சர்வரில் அந்த வெர்ஷன் தெரியக் கூடாது. அந்தப் பக்கத்தை உருவாக்கும் எரர்ரிப்போர்ட்வால்வில் ஷோசர்வர்இன்ஃபோவை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.)

பாடியை நீங்களே எழுத வேண்டுமானால் செட்ஸ்டேட்டஸ் போட்டு, கன்டென்ட் டைப் சொல்லி, ரைட்டரில் ஜேசனை எழுதுங்கள். அவ்வளவுதான். ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் என்றால் ரெஸ்ட்கன்ட்ரோலர்அட்வைஸ் கிளாஸ் ஒன்று எழுதினால் கன்ட்ரோலர்களில் (ரெக்வெஸ்ட்டைக் கவனிக்கும் கிளாஸ்கள்) வரும் எக்ஸெப்ஷன்களை ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் 6-இல் எரர் விவரத்தை அனுப்ப ப்ராப்ளம்டீடெயில் என்று ரெடிமேடாகவே ஒரு கிளாஸ் இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். பெருங்குடியில் ஒரு ப்ராஜெக்டில், "இனி எல்லா எரரும் ஜேசன்தான்" என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரமே ஆப் எழுதும் பையன் போனை நீட்டி, "அண்ணா, முதல் எழுத்தே '<'னு வருது, பார்ஸ் ஆக மாட்டேங்குது" என்றான். டோக்கன் (லாகின் செய்ததற்கான அடையாளம்) காலாவதியானவர்களுக்கு மட்டும் இப்படி. அட்வைஸ் கிளாஸையே அரை நாள் நோண்டி, மூன்று டீ குடித்த பிறகுதான் உறைத்தது, டோக்கனைப் பார்ப்பது ஃபில்டர், அது டிஸ்பேட்சர்சர்வ்லெட்டுக்கு (ரெக்வெஸ்ட்டை கன்ட்ரோலர்களுக்குப் பிரித்துத் தரும் ஸ்பிரிங்கின் வாசல்) வெளியே நிற்கிறது, அங்கே நடப்பது எதுவும் அட்வைஸ் காதுக்கே போகாது. அந்த ஃபில்டரில் யாரோ 401-க்கு (லாகின் சரியில்லை என்ற நம்பர்) சென்ட்எரர் போட்டு வைத்திருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்).

தீர்வு இதுதான்: ஃபில்டருக்குள்ளேயே செட்ஸ்டேட்டஸ் 401, ஜேசன், உடனே ரிட்டர்ன். ரிட்டர்னை விட்டுவிட்டு டூஃபில்டர் (ரெக்வெஸ்ட்டை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் மெத்தட்) வரை போய்விட்டால் கன்ட்ரோலரும் ஓடி, அதுவும் தன் பங்குக்கு அதே பதிலில் எழுதப் பார்க்கும்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், "மறுபடி லாகின் செய்யவும்" என்று தமிழில் போட்டிருந்த மெசேஜ் ஆப்பில் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. கேரக்டர் என்கோடிங் சொல்லாமல் கெட்ரைட்டரைக் கூப்பிட்டால் ஐஎஸ்ஓ-8859-1-தான் கிடைக்கும், அதில் தமிழ் ஏது? யூடிஎஃப்-8 என்று கெட்ரைட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் எக்ஸெப்ஷன்கூட வராது, சத்தமில்லாமல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

அப்புறம், இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 200 (எல்லாம் சரி என்ற நம்பர்) அனுப்பி உள்ளே "சக்ஸஸ்: ஃபால்ஸ்" போடும் பழக்கம் வேண்டாம். பேமென்ட் மொத்தமும் விழுந்து கிடக்கும், மானிட்டரிங் ஸ்க்ரீன் மட்டும் பச்சையாகவே இருக்கும்.