ஜூன் மாதம் வயதான அப்பா அம்மா, பத்து வயதுப் பையனோடு மால்டாவுக்கு ஒரு வாரம் போகிறோம். கடற்கரை தவிர வரலாற்று இடங்களில் எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

ஜூன் மாதம், வயதான அப்பா அம்மா, பத்து வயதுப் பையன் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஹால் சஃப்லியெனி ஹைப்போஜியம் என்ற கற்கால நிலத்தடிக் கல்லறைக்கு உங்கள் தேதிகளில் டிக்கெட் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். மற்ற இடங்களையெல்லாம் அங்கே போய் இறங்கிய பிறகுகூட முடிவு செய்துகொள்ளலாம், இதை முடியாது. மணிக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு மொத்தமே 80 பேர்தான் உள்ளே போகலாம். கோடையில் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கிடைக்கும் நாளை வைத்து மீதிப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? பாவோலா என்ற சாதாரண ஊரில், வரிசை வீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்து மூன்று தளங்களாகச் செய்த நிலவறை. 1902ல் புதிய வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அதன் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனதில்தான் வெளி உலகுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய கி.மு. 4000 முதல் 2500 வரை இறந்தவர்களை அங்கே வைத்திருக்கிறார்கள். சுமார் 7000 பேரின் எலும்புகள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. உலோகமே அறியாத மக்கள் கல்லாலும் கொம்பாலும் குடைந்த இடம் இது. தரைக்கு மேலே பெரிய கற்களை அடுக்கி எழுப்பிய கோயில்களின் தூணையும் வாசலையும் கூரையையும் அப்படியே பாறைக்குள் செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் செங்காவி நிறத்தில் சுருள் கோலங்கள் இன்னும் இருக்கின்றன. நாம் விடும் மூச்சும் உடம்புச் சூடும் அந்தக் காவியை அரித்துவிடும் என்பதால் 1990களில் பல ஆண்டுகள் மூடி வைத்து, காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடு செய்த பிறகுதான் திறந்தார்கள். படம் எடுக்கக் கூடாது. அது நல்லது என்றே சொல்வேன், எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். உள்ளே படிகள் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி துறைமுகம். வேலை நிமித்தமாக நான் அங்கே இருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த உறவினர்களையும் நண்பர்களையும் முதலில் அழைத்துப்போனது தலைநகர் வலெட்டாவுக்கு அல்ல, எதிர்க்கரையில் இருக்கும் பிர்குவுக்கு. சுற்றுலா வண்டிகள் எல்லாம் நேரே வலெட்டாவில் கொண்டுபோய் இறக்கிவிடும், பிர்குவைக் கடைசி அரை மணி நேரத்தில் ஒப்புக்குக் காட்டும். என் கருத்தில் அந்த வரிசை தவறு. மால்டாவின் பிற்கால வரலாறு முழுவதும் அந்தப் பெரிய இயற்கைத் துறைமுகத்துக்காக நடந்த சண்டைதான். அதைத் தண்ணீர் மட்டத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

பிர்குவின் முனையில் சான் ஆஞ்செலோ கோட்டை. ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடம் இழந்த புனித யோவான் சபை (கத்தோலிக்கத் துறவுப் போர்வீரர்களின் அமைப்பு) வீரர்களுக்கு 1530ல் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் மால்டாவைக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு வல்லூறுதான் குத்தகை. அவர்கள் வந்து குடியேறியது இந்தப் பிர்குவில். கோட்டை மதிலில் நின்று எதிரே பாருங்கள். இன்று வலெட்டா நகரம் நிற்கும் மேடு அன்று வெறும் பாறை, அதன் நுனியில் சான் எல்மோ என்ற சிறு கோட்டை மட்டும். 1565 மே மாதம் துருக்கியரின் ஆட்டோமன் படை வந்து முதலில் சான் எல்மோவைத்தான் சுற்றி வளைத்தது. சில நாளில் விழுந்துவிடும் என்று நினைத்த கோட்டை ஒரு மாதம் தாங்கியது. இரவோடு இரவாகப் படகில் ஆள் அனுப்பி, காயம்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது இந்தக் கரையிலிருந்துதான். ஜூன் 23 அன்று அது விழுந்தபோது இங்கிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடையில் இருப்பது ஒரு நீர்வாய், அவ்வளவுதான். பிர்குவும் பக்கத்திலிருக்கும் செங்லியாவும் செப்டம்பர் 8 வரை தாக்குப்பிடித்தன. படை திரும்பிப் போனது. அந்த நாள் இன்றும் அங்கே தேசிய விடுமுறை. முற்றுகையைத் தாங்கியதில் சபை வீரர்கள் சில நூறு பேர், சாதாரண மால்டா மக்கள் ஆயிரக்கணக்கில். வழிகாட்டிகள் முன்னவர்களைப் பற்றியே பேசுவார்கள், பின்னவர்களையும் கேட்டு வாங்குங்கள்.

பிர்குவிலேயே, திருச்சபைக் கொள்கையை மீறியவர்களை விசாரித்த சமய விசாரணை அதிகாரியின் அரண்மனை இருக்கிறது. அங்கே சிறைச் சுவர்களில் கைதிகள் கீறி வைத்த கோடுகளையும் கப்பல் படங்களையும் பையனுக்குக் காட்டுங்கள். பாறையில் குடைந்த இரண்டாம் உலகப் போர்க்காலப் பதுங்குகுழிகளும் அதே ஊரில் உண்டு.

அங்கிருந்து தைசா என்ற சிறு படகில் துறைமுகத்தைக் கடந்து வலெட்டா போங்கள். படகுத்துறையிலிருந்து மேலே ஏறுவதற்கு மின்தூக்கி இருக்கிறது. 58 மீட்டர் உயரம், பெரியவர்களுக்குப் பெரிய உபகாரம். மேல் பராக்கா தோட்டத்திலேயே கொண்டுபோய் விடும். நண்பகல் 12 மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். அந்த இடத்திலிருந்து இப்போது பிர்குவைத் திரும்பிப் பார்த்தால் முற்றுகை முழுவதும் கண்முன் விளங்கும்.

முற்றுகை முடிந்த மறு ஆண்டு, 1566 மார்ச்சில், சபைத் தலைவர் லா வலெட் அடிக்கல் நாட்டிய நகரம் இது. தெருக்கள் நேர்க்கோட்டில் கட்டம் போட்டது மாதிரி ஓடும், ஆனால் ஏற்றமும் இறக்கமும் படிகளும் அதிகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் பெரியவர்களை இழுத்தடிக்காதீர்கள். இரண்டு இடங்கள் போதும்.

ஒன்று, புனித யோவான் இணைக் கதீட்ரல். வெளியே கோட்டைச் சுவர் மாதிரி மொட்டையாக இருக்கும், உள்ளே பொன்பூச்சு. தரை முழுக்கச் சபை வீரர்களின் கல்லறைப் பலகைகள், ஏறக்குறைய 400, எல்லாம் பல நிறப் பளிங்கில் எலும்புக்கூடும் கேடயமுமாக இழைத்தவை. அதன் மேல்தான் நடக்க வேண்டும்; அதனால் கூர்க்குதி செருப்புக்கு அனுமதி இல்லை. தோளை மூடிய உடையோடு போங்கள். ஆனால் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டியது பக்கத்துச் சிறு மண்டபத்தில், இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608ல் வரைந்த 'திருமுழுக்கு யோவானின் தலை வெட்டு' முன்னால். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், அதில் பாதிக்கும் மேல் வெற்றுச் சுவர். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார், அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இது. ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவர் அவர். இங்கே சபை வீரராகப் பட்டமும் பெற்றார். சில மாதங்களில் ஒரு சண்டையில் சிக்கி, நீங்கள் காலையில் பார்த்த அதே சான் ஆஞ்செலோ கோட்டையில் அடைபட்டு, தப்பி சிசிலிக்குப் போனார். அவரைச் சபையிலிருந்து நீக்கும் கூட்டம் இந்த ஓவியத்தின் முன்னால், இதே மண்டபத்தில் நடந்தது. இதற்காக மட்டுமே வலெட்டா வரலாம் என்பேன்.

இரண்டாவது, தொல்பொருள் அருங்காட்சியகம். கற்காலக் கோயில்களுக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். அவற்றிலிருந்த செதுக்கிய கற்களின் மூலங்களை, மழையிலும் வெயிலிலும் அழியாமலிருக்க, இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தார்ஷீன் என்ற கோயிலில் இன்று இருப்பவற்றில் பல நகல்கள். ஹைப்போஜியத்தில் கிடைத்த 'உறங்கும் பெண்' சிலையும் இங்கேதான். நீளம் 12 சென்டிமீட்டர்தான் இருக்கும், தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஒருக்களித்துக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.

கோயில்களுக்குத் தென்கரையில் ஹஜர் ஈம், இம்னைட்ரா இரண்டும் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடலை நோக்கி இறங்கும் பாதையில் கொஞ்ச தூரம் நடை. 2009 முதல் வெள்ளைக் கூடாரக் கூரைக்கு அடியில் நிற்கின்றன. அது அழகைக் கெடுக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள். ஹஜர் ஈம்மின் மென்மையான சுண்ணாம்புக்கல் எப்படி உதிர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கூரை ஏன் வேண்டும் என்று தெரியும். இம்னைட்ராவில் இரவும் பகலும் சமமாகும் நாட்களில் சூரியன் நேரே நடுவாசல் வழியாக உள்ளே விழும்படி கட்டியிருக்கிறார்கள். ஜூன் வெயிலில் திறந்தவுடனே போய்விடுங்கள். நிழலே இல்லாத பாதை, வெளிர்கல்லில் வெயில் கண்ணைக் கூசும்.

இம்தினா பழைய தலைநகர், மதிலுக்குள் அடங்கிய சிற்றூர். பகலில் கூட்டம் மொய்க்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். வழியில் மோஸ்டா தேவாலயத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் குண்டு ஒன்று குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு, வழிபாட்டுக்குக் கூடியிருந்த முந்நூறு பேருக்கு நடுவே விழுந்தது, வெடிக்கவில்லை. குருமார் அறையில் அதே மாதிரி ஒரு குண்டை வைத்திருக்கிறார்கள்.

கோசோ தீவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சிர்கேவாவிலிருந்து கப்பல் அரை மணிக்குள் சேர்த்துவிடும். ஜிகான்டியா கோயில் எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தையது. அதைவிட என்னை அதிகம் பாதித்தது அங்குள்ள சிற்றடெல்லா கோட்டை. 1551ல் துருக்கியக் கடற்படை அந்தத் தீவைச் சூறையாடி ஏறக்குறைய 5000 பேரை, அதாவது அநேகமாகத் தீவின் மக்கள் எல்லோரையும், அடிமைகளாகப் பிடித்துப் போனது. அதற்குப் பின் வெகுகாலம், 1637 வரை, இருட்டியதும் ஊர் மக்கள் எல்லோரும் கோட்டைக்குள் வந்து படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. மதில்மேல் ஏறிச் சுற்றிவந்தால் தீவு முழுக்கத் தெரியும். பழைய படங்களில் பார்க்கும் 'நீலச் சாளரம்' என்ற பாறை வளைவைத் தேடிப் போக வேண்டாம். 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு பாஸ்திட்ஸி என்ற மாவுப் பலகாரம் எங்கும் கிடைக்கும், உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணியோ இருக்கும். அப்பா அம்மா சுத்த சைவம் என்றால் மாவில் விலங்குக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வலெட்டா கதீட்ரலில் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. அந்த நாளைத் தென்கிழக்குக்கு ஒதுக்குங்கள். மார்சஷ்லொக்கில் முகப்பில் கண் வரைந்த வண்ணப் படகுகளும் ஞாயிறு மீன்சந்தையும், பக்கத்திலேயே ஆர் டாலம் குகையும் இருக்கின்றன. மால்டாவில் குள்ள யானையும் நீர்யானையும் திரிந்த காலத்து எலும்புகள் அந்தக் குகையில் கிடைத்தன, அருங்காட்சியகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சந்தையில் கூட்டம் ஏறுவதற்கு முன் மீனை முடித்துவிட்டுக் குகைக்குப் போங்கள். உங்கள் பையனுக்கு அங்கே நேரம் நிறைய வேண்டியிருக்கும்.