டிராக் ஓட்டப் போகும் வீட்டுக் கார்: கிளட்ச் முதல் சக்கரம் வரை – கேள்வி பதில்

கியர்பாக்ஸ், ஆக்சில் வேலையில் எனக்கு 20 வருடம் ஓடிவிட்டது. தினமும் ஆபீசுக்கு ஓட்டும் காரையே டிராக் ரேஸுக்கும் (drag race: நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல் ஓடும் பந்தயம்) கொண்டுபோக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளில், கிளட்சிலிருந்து சக்கரம் வரை உள்ள பாகங்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். என்ஜின் பவர் ஏற்றுவது தனிக் கதை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏற்றிய பவர் எந்த வழியாக ரோட்டுக்குப் போகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

அண்ணா, என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி விடெக். 402 மீட்டர் ஓட்ட ஆசை. முதல் வேலையாக ஹெவி கிளட்ச் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (கோவை)

தம்பி, இப்போது இருக்கும் கிளட்ச் வழுக்குகிறதா? மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி, வண்டி வேகம் அதனோடு ஏறாமல் நின்றால் கிளட்ச் போதவில்லை. அப்படி இல்லையென்றால் கம்பெனி கிளட்சையே புதிதாகப் போட்டு ஓட்டுங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

ஒரு 1.5 பெட்ரோல் என்ஜின் 140 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் அதை 3.5 மடங்காக்கும், அதற்கடுத்த கடைசி கியர் ஜோடியான ஃபைனல் டிரைவ் 4.3 மடங்காக்கும். பெருக்கினால் சக்கரத்துக்குப் போவது 2100 நியூட்டன் மீட்டர். இது என்ஜின் சும்மா இழுக்கும்போது. 5000 ஆர்.பி.எம்.மில் வைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால் நடப்பது வேறு. சுழன்றுகொண்டிருக்கும் கிராங்கும் (என்ஜினின் முக்கியத் தண்டு) அதன் முனையில் இருக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரமும் பத்தில் ஒரு வினாடிக்குள் 2500-க்கு இறங்க வேண்டும். அந்தச் சுழற்சியில் இருந்த விசை எங்கே போகும்? கியர்பாக்ஸுக்குள்தான். சின்ன என்ஜினிலேயே அது 250 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இருக்கும், அதாவது என்ஜின் தருவதைவிட அதிகம். இரண்டும் சேர்ந்து ஒரே அடியாக விழும்.

கிளட்ச் தன் பிடிப்புக்கு மேல் எதையும் கடத்தாது, வழுக்கிவிடும். உங்கள் வண்டியில் இப்போதைக்கு ஃப்யூஸ் அதுதான். வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடியான கம்பியைச் சுற்றி வைத்தால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போகாது, சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். ஹெவி கிளட்சும் அப்படித்தான். கிளட்ச் பிழைத்துக்கொள்ளும், அடி அடுத்த பாகத்துக்குப் போகும்: முதல் கியர் பல், டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி), ஆக்சில், சிவி ஜாயின்ட் (ஆக்சில் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு). இதில் எது முதலில் போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். கழற்றச் சுலபமாக, விலை குறைவாக இருப்பதை ஃப்யூஸாக விடுங்கள். நான் பெரும்பாலும் டயரைத்தான் விடுவேன். இரண்டு டயரும் சேர்ந்து சுற்றினால் நேரம்தான் போகும், ஒன்று மட்டும் சுற்றினால் வரும் ஆபத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

உண்மையிலேயே கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தால், கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட்டும் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) நல்ல ஆர்கானிக் பிளேட்டும் (சாதாரணக் கிளட்ச் பிளேட் வகை) போதும். சிராமிக் துண்டுகள் பதித்த பக் பிளேட் சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு ஆகாது, ஒவ்வொரு முறையும் எகிறும். இன்னொன்று, பெடல் கனமானால் அந்த அழுத்தம் அப்படியே கிராங்கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷரில் விழுகிறது. கிளட்சை இறக்கும்போது கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, ஆட்டம் எவ்வளவு என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது பிளேட் போட்டபின் 800 கிலோமீட்டராவது ஊருக்குள் பொறுமையாக ஓட்டி, பிளேட் படிந்த பிறகு ரேஸுக்குப் போங்கள்.

டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்குமே, செலவும் இல்லையே? (திருப்பூர், ஸ்விஃப்ட்)

வேண்டாம். முன்சக்கரம் இழுக்கும் காரில் வெல்டு வைத்தால் ஸ்டியரிங் சரியாகத் திரும்பாது. ரேஸ் முடிந்து அதே வண்டியில்தானே வீட்டுக்கு வர வேண்டும்? வளைவில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற முயலும், அந்த முறுக்கு முழுவதையும் ஆக்சில் தாங்கும்.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் இரண்டும் தங்களைத் தாங்கும் பின்னின் (இரும்புத் தண்டு) மேல் பேய்வேகத்தில் சுற்றும். அந்த இடத்துக்கு ஆயில் அவ்வளவாகப் போகாது. அந்த இரும்புப் பின் காய்ந்து, சிராய்ந்து, கடைசியில் பிடித்துக்கொள்ளும். எனக்கே நடந்திருக்கிறது. என் சொந்த 1.6 பெட்ரோல் வண்டியில் கிளட்சை மட்டும் பலமாக்கிவிட்டு ஒரு விமான ஓடுபாதை நிகழ்ச்சிக்குப் போனேன். முதல் ஓட்டம் பிரமாதம். இரண்டாவதில் ஸ்டார்ட் லைனில் வலது டயர் சுற்றியது, ‘டங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டிஃபரன்ஷியலின் அந்தப் பின் உடைந்து வெளியே வந்து, கேசிங்கில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. ஓடுபாதையில் 30 அடிக்குக் கியர் ஆயில் கோடு. மற்றவர்கள் வெயிலில் காத்திருக்க, நானும் இரண்டு பையன்களும் மரத்தூள் கொட்டிக் கூட்டினோம். பின்னை எடுத்துப் பார்த்தேன். கியர் உட்காரும் இடம் மட்டும் நீலமும் காப்பியும் கலந்த நிறத்தில் வெந்து, விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளம் ஒரே நாளில் வந்ததில்லை. அதற்கு முன் நான் டயரைச் சுற்றவிட்டு ரசித்த எல்லா நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

காசு இருந்தால் ஹெலிக்கல் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது) போடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு அது தொந்தரவு தராது. காசு இல்லையென்றால் ஒரு சக்கரம் சுற்றுவது தெரிந்த உடனே காலை எடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும்.

ஸ்டார்ட்டில் முன்பக்கம் தட தடவென்று குதிக்கிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா? (மதுரை)

அது வீல் ஹாப். ஆக்சில் உடைவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான். டயர் பிடிக்கிறது, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) முறுக்கிக்கொள்கிறது, டயர் நழுவுகிறது, புஷ் திரும்பி அடிக்கிறது, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிப்பும் ஆக்சிலுக்கு ஒரு சம்மட்டி அடி. ஷாக்கைக் கடைசியில் பாருங்கள். முதலில் என்ஜின் மவுண்ட், அதிலும் கீழே என்ஜின் ஆடாமல் பிடிக்கும் மவுண்ட். ரப்பர் வெடித்திருந்தால் என்ஜினே முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு லேசாகக் கிளட்சை விடட்டும். என்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்காதீர்கள். அடுத்தது கன்ட்ரோல் ஆர்ம் புஷ். இரண்டும் புதிதானால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம் ஆக்சிலில் ஒரு வேலை செய்யுங்கள். ஷாஃப்டைத் துடைத்துவிட்டு, உள் ஜாயின்டிலிருந்து வெளி ஜாயின்ட் வரை வெள்ளை பெயின்ட் மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் சரி. முறுக்கிய கயிறு போல வளைந்திருந்தால் அந்த ஷாஃப்ட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்னும் ஓடும்தான், ஆனால் நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டில் ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது. சக்கரம் திரும்பியிருக்கும் நிலையில் வெளி சிவி ஜாயின்ட் மிகவும் பலவீனம்.

முன்சக்கர இழுவைக் கார் ஏன் ஸ்டார்ட்டில் இவ்வளவு திணறுகிறது? பின்சக்கரக் கார்கள் பறக்கின்றனவே? (சென்னை)

கிளம்பும்போது எடை பின்னால் போகிறது. 1000 கிலோ கார், முன்னால் 600, பின்னால் 400. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், வீல்பேஸ் 2.43 மீட்டர், முடுக்கம் அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி). கணக்குப் போட்டால் சுமார் 100 கிலோ முன்னாலிருந்து பின்னால் மாறிவிடும். இழுக்கும் சக்கரத்தில் மிச்சம் 500. பின்சக்கரக் காருக்கு அதே 100 கிலோ கூடுதல் பிடிப்பாக வந்து சேரும். ஆகவே முன் டயருக்குத்தான் முதல் செலவு. காற்றை 33 பிஎஸ்ஐ-லிருந்து 27, 28 வரை குறைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் சாதாரண ரேடியல் டயரின் நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும், பிடிப்பு குறையும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவர் ஏற்றுவது) செய்தாயிற்று. நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் லாஞ்ச் செய்தால் என்ன ஆகும்? (பெங்களூரு)

உங்களுடையது டிஎஸ்ஜியில் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) டிகியூ200 என்ற வகை, ஏழு கியர், ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். அதன் தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டியின் டார்க் 175. ரீமேப்பில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 250-ஐ நெருங்கினால் குறைக்கச் சொல்லுங்கள். உலர் கிளட்சுக்குச் சூடுதான் எமன். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பலர் கவனிக்காத இடம் ஸ்டார்ட்டுக்கு முன் நிற்கும் வரிசை. அங்கே அரை அடி அரை அடியாக ஊர்ந்து போவதிலேயே கிளட்ச் வெந்துவிடும். நியூட்ரலில் நில்லுங்கள், முன்னால் இடம் நன்றாக விட்ட பிறகு ஒரே தடவையாகப் போங்கள். ஆக்டேவியா விஆர்எஸ்ஸில் வந்த ஆறு கியர் டிகியூ250 ஆயிலில் நனைந்த கிளட்ச், 350 வரை தாங்கும், அது வேறு ஜாதி.

அண்ணா, நான் டல்லாஸில் இருக்கிறேன். 2012 மஸ்டாங் ஜிடி, மேனுவல். என்னிஸ் டெக்சாஸ் மோட்டார்பிளக்ஸில் ஓட்டப் போகிறேன். (அமெரிக்கா)

நல்ல இடம். 1986-ல் திறந்த, முழுக்கக் கான்கிரீட்டில் போட்ட டிராக். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். நம் ஊர் விமான ஓடுபாதையில் தூசி இருக்கும், டயர் சுற்றிவிடும், வண்டி பிழைக்கும். அங்கே ஸ்டார்ட் லைனில் பசை தெளித்திருப்பார்கள், செருப்பே ஒட்டும். டயர் என்ற ஃப்யூஸ் இல்லாமல் போகிறது. ரோட்டில் நாலு வருடம் உடையாத வண்டி அங்கே முதல் ஓட்டத்தில் உடைவதற்கு இதுதான் காரணம். சாதாரண ரோட்டு டயரிலேயே முதல் நாளை ஓட்டுங்கள்.

உங்கள் வண்டியில் பின்னால் இருப்பது 8.8 இன்ச் திட ஆக்சில். வீட்டுக் காருக்கு அது தாராளம். ஆக்சில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் தனியே கழன்று வரலாம். அதனால்தான் என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிகளில் கால் மைலுக்கு 10.99 வினாடி அல்லது அதைவிட வேகம் என்றால் வேறு ஆக்சிலும் தனிப் பிடிமானமும் கேட்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் டிரைவ்ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் லூப்பும் அப்படியே: கோடு வெட்டாத ஸ்லிக் ரேஸ் டயரில் 13.99-லிருந்து, ரோட்டு டயரில் 11.49-லிருந்து கட்டாயம். நீங்கள் அதற்குக் காத்திருக்காதீர்கள், முதல் நாளே போடுங்கள். டிரைவ்ஷாஃப்டின் முன்மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட் உடைந்து ஷாஃப்டின் தலை தரையில் குத்தினால், கம்பூன்றித் தாண்டுபவர் போல வண்டியின் பின்பக்கம் எழும்பும். அந்த ஜாயின்டிலிருந்து 6 இன்ச்சுக்குள் கட்டிய ஒரு இரும்பு வளையம் அதைத் தடுக்கும்.

ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துக் கடைந்து எடை குறைக்கலாமா? (சேலம்)

கூடாது. வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் 6000, 7000 ஆர்.பி.எம்.மில் வெடித்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு உங்கள் கால் பக்கம் வரும். அதோடு சின்ன என்ஜினுக்கு எடை குறைந்த ஃப்ளைவீல் ஸ்டார்ட்டில் நஷ்டம், வண்டி கிளம்பாமல் மூச்சுத் திணறும்.

போட்டி எதுவும் பக்கத்தில் இல்லை. இரவு ஈசிஆரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் என்ன? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஓட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது, ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு பாகமும் உடையக்கூடியது. 140 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சில் உடைந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டிராக்கில் அந்தப் பக்கம் தடுப்பு இருக்கும், ஈசிஆரில் மீன் கூடையோடு ஒரு அம்மா நிற்பார்.

ரேஸ் முடிந்து வந்ததும் என்ன செக் பண்ண வேண்டும்? (ஈரோடு)

கியர் ஆயிலை இறக்குங்கள், பழையதாகாவிட்டாலும். முன்சக்கரக் காருக்கு கம்பெனி சொன்ன ஆயிலையே திரும்ப ஊற்றுங்கள், பெரும்பாலும் அது ஜிஎல்-4 வகையாக இருக்கும். ஜிஎல்-5 நல்லது என்று யாராவது சொன்னால், அது பின் ஆக்சிலுக்கு, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் உங்கள் சிங்க்ரோ ரிங்குக்கு இல்லை. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலால் தடவிப் பாருங்கள். கண்மை போலக் கறுப்பாக, மெதுவாக வந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் முள் போலக் குத்தினால் உள்ளே ஏதோ பல் சில்லு சில்லாகப் போகிறது. அதைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். சில்லு தட்டையா, வளைவா என்று பார்த்தே எந்தக் கியர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.