ஆதாம் கறுப்பா, வெள்ளையா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், “அக்கா, ஆதாமும் ஏவாளும்தான் எல்லாருக்கும் அப்பா அம்மான்னா சீனாக்காரங்க கண்ணு ஏன் அப்படி இருக்கு, ஆப்பிரிக்காக்காரங்க முடி ஏன் சுருட்டையா இருக்கு, ஆதாம் கறுப்பா வெள்ளையா?” என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர், நோவாவின் மகன் காம் சாபம் வாங்கினான், அவன் வம்சம்தான் கறுப்பு என்று சொல்லி முடித்துவிட்டார். நானும் நல்ல கறுப்பு. சுருக்கென்றது. அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்தச் சாபத்தை முடித்துவிடுவோம். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். நோவா சபித்தது காமை அல்ல, காமின் மகன் கானானை. தோலைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அங்கே ஒரு சொல் கிடையாது. அடுத்த அதிகாரத்தில் காமின் பிள்ளைகள் பெயர் வரிசையாக வரும்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எகிப்துக்குத் தெற்கே, எத்தியோப்பியப் பக்கத்து மக்களோடு பழங்காலத்திலிருந்தே சேர்த்துப் பேசப்படுபவன் கூஷ். அவன் தலையில் எந்தச் சாபமும் விழவில்லை. கறுப்பைச் சாபமாக்கியது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. அமெரிக்காவில் ஆட்களை விலைக்கு வாங்கி விற்றவர்களுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது, பிரசங்க மேடையிலேயே இதைச் சொன்னார்கள். அந்தப் பெரியவர் தன் காலத்தில் யார் வாயிலிருந்தோ கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருப்பார். அவரிடம் சண்டை வேண்டாம், ஆனால் அந்தப் பையன் காதில் அது அப்படியே தங்கிவிடக் கூடாது. அடுத்த ஞாயிறே வேதத்தைத் திறந்து காட்டிவிடுங்கள். அப்படியே அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தையும் காட்டுங்கள். ஏதென்ஸ் ஊரில் நின்றுகொண்டு பவுல், மனுஷஜாதி எல்லாமே ஒரே இரத்தத்திலிருந்து வந்தது என்று சொல்கிறார்.

சரி, ஆதாமின் நிறம்? வேதம் சொல்லவில்லை. நிறம் எப்படி வருகிறது என்பதை மட்டும் விஞ்ஞானம் நன்றாகவே சொல்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை நைஜீரியாக்காரருக்கும் நார்வேக்காரருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. வெயில் கடுமையாக அடிக்கும் ஊரில் புற ஊதாக் கதிர் இரத்தத்தில் இருக்கும் ஃபோலேட்டைச் சிதைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தச் சத்துதான் இது. குறைந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம். அதனால் அங்கே கறுத்த தோல் காப்பாற்றியது. வடக்கே போகப் போக வெயில் குறைகிறது, வைட்டமின் டி உண்டாவதற்கு அந்தக் கொஞ்ச வெயிலும் தோலுக்குள் போக வேண்டியிருக்கிறது, அங்கே வெளுத்த தோல் உதவியது. நினா ஜப்லோன்ஸ்கி என்ற மானுடவியலாளரும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-இல் உலகத்தின் புற ஊதாக் கதிர் அளவையும் மக்களின் தோல் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், இரண்டும் நன்றாகவே பொருந்தி வந்தன.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் மரபணு. 2005-இல் வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனில் நிறம் வெளிறியதற்குக் காரணம் தேடப்போய் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணு சிக்கியது. அதில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தால் மனிதத் தோல் வெளுக்கிறது. ஐரோப்பியர் கிட்டத்தட்ட எல்லாரிடமும் அந்த மாற்றம் இருக்கிறது. அதே மாற்றம், அதே மூலத்திலிருந்து வந்தது, இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது, தென்னிந்தியாவிலும்தான். ஒரு வீட்டில் அக்கா கறுப்பு, தங்கை சிவப்பு என்று உறவுக்காரர்கள் ஒப்பிட்டுப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது அம்மா அப்பாவிடமிருந்து இந்த மாதிரி ஒரு சில மரபணுக்களில் எந்தப் பிரதி யாருக்கு வந்தது என்பதுதான். இங்கிலாந்தில் செடார் என்ற ஊரின் குகையில் 1903-இல் கிடைத்த எலும்புக்கூடு சுமார் 10,000 ஆண்டு பழையது. 2018-இல் அதன் டிஎன்ஏவைப் பார்த்தவர்கள், அந்த மனிதர் கறுத்த தோலும் வெளிறிய கண்ணும் கொண்டவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஐரோப்பா வெளுத்ததே ரொம்பச் சமீபத்தில் என்று தெரிகிறது.

சீனாக்காரர் கண் என்று பையன் சொன்ன அந்த இமை மடிப்பு, தென்னாப்பிரிக்காவின் கோய்சான் மக்களில் பலருக்கும் உண்டு. ஒரு கண்டத்துக்கு ஒரு அச்சு என்று உடம்பு உருவாகவில்லை.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து வரலாறாகப் படித்தால் மனித வேறுபாட்டுக்கு இடம் போதாது. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் அஷர் கணக்குப் போட்டு, படைப்பு கி.மு. 4004, வெள்ளம் கி.மு. 2348 வாக்கில் என்றார், இன்றைக்கும் பலர் அதை ஒட்டியே பேசுகிறார்கள். எகிப்தில் செத்தி என்ற மன்னனின் கல்லறை இருக்கிறது, அவர் இறந்தது கி.மு. 1279 வாக்கில். அந்தச் சுவரில் எகிப்தியர், நூபியர், லிபியர், ஆசியர் என்று நான்கு வகை மக்களைத் தனித்தனி நிறத்தில், தனித்தனி முடியும் உடையுமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குத் தப்பி நோவாவின் பேழையிலிருந்து இறங்கிய ஒரே குடும்பம் ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்குள் இத்தனை விதமாக மாறியது என்று சொல்ல வேண்டுமானால், எந்த உயிரியலாளரும் கேட்காத வேகத்தில் பரிணாமம் நடந்திருக்க வேண்டும். பரிணாமத்தை மறுப்பதற்காகவே அதைவிட வேகமான பரிணாமத்தை நம்ப வேண்டிவருகிறது.

நீங்கள் விலங்கியல் மாணவி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டு பேரிடம் ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் நான்கு பிரதிதான் இருக்க முடியும். பேழையில் எட்டுப் பேர். நோவா, அவர் மனைவி, மூன்று மருமகள்கள், மகன்களுக்குப் பெற்றோரிடமிருந்து வந்ததுதான், ஆக மொத்தம் பத்துப் பிரதிக்கு மேல் போகாது. சிறுநீரக மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும்போது சோதிக்கும் எச்எல்ஏ-பி மரபணுவில் மட்டும் ஆயிரக்கணக்கான வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பத்துப் பிரதி நாலாயிரத்துச் சொச்சம் வருடத்தில் ஆயிரக்கணக்கான வடிவங்களாகப் பெருகாது.

இதனால் விசுவாசத்தை விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அந்தப் பயம் தெரிகிறது. பரிணாமத்தின் ஒளியில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று 1973-இல் எழுதிய உயிரியலாளர் டொப்ஜான்ஸ்கி, அதே கட்டுரையில் தான் படைப்பையும் நம்புகிறவன் என்றும் எழுதினார். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல் பரிணாமம் வெறும் கருதுகோளைத் தாண்டிவிட்டது என்றார். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஜெபிக்கிற கிறிஸ்தவர். கடவுள் படைத்தாரா என்ற கேள்விக்குத் தோல் நிறத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எப்படி இத்தனை விதமானோம் என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது, அது பரிணாமம்தான். பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாம் எல்லாரும் ஒரே குடும்பம், போய்த் தங்கிய ஊரின் வெயிலும் குளிரும் நம்மைப் பல நிறமாக்கின. இதைச் சொன்னால் நீங்கள் வேதத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் உண்மையாக இருப்பீர்கள்.

கேள்வி: அல்லாஹ் பூமி முழுவதிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து ஆதமைப் படைத்தான், அதனால்தான் அவர் மக்கள் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று பல விதம் என்று ஹதீஸ் இருக்கிறது. இது போதாதா, பரிணாமம் எதற்கு?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: அழகான ஹதீஸ். உங்கள் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அவனுடைய அத்தாட்சிகளில் ஒன்று என்று குர்ஆனே 30-ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது, வேறுபாட்டைத் தண்டனையாகப் பார்க்காத வசனம் அது. ஆனால் அத்தாட்சி என்றால் அதைப் பார்த்து யோசிக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? உங்கள் மரபிலேயே அப்படி யோசித்தவர்கள் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், காமின் சாபத்தால் கறுப்பு வந்தது என்ற கதையை வெளிப்படையாக மறுத்தார், வெப்பமான காற்றும் நிலமும்தான் காரணம் என்றார், தெற்கத்தி மக்கள் குளிர் நாட்டில் குடியேறினால் தலைமுறை தலைமுறையாக நிறம் வெளுக்கும் என்றும் எழுதினார். மரபணு என்ற ஒன்றே தெரியாத காலத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வெயில் நேரடியாக வம்சத்தைக் கறுக்க வைப்பதில்லை, அந்த வெயிலுக்குத் தாக்குப்பிடித்தவர்களின் பிள்ளைகள் பெருகுகிறார்கள் என்பதுதான் அவருக்குப் பின்னால் நாம் சேர்த்துக்கொண்டது. அவர் போன வழியில் மேலே நடந்தால் நீங்கள் மார்க்கத்தை மீறியவர் ஆகமாட்டீர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி” என்று மாணிக்கவாசகர் பாடிவிட்டார், தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என்று வரிசை இருக்கிறது. டார்வினுக்கு முன்பே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஏனென்றால் அது சரியில்லை. மாணிக்கவாசகர் பாடுவது ஒரு உயிர் பிறவி பிறவியாக எடுத்து இளைத்துப்போன துயரத்தை. “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்” என்று அவரே முடிக்கிறார். புல் இனம் மாறிப் புழு இனமானது என்று அவர் சொல்ல வரவில்லை. அந்த வரிகளை டார்வினுக்குச் சாட்சியாக நிறுத்தினால் அவர் அழுத அழுகை காணாமல் போகிறது.

உடல் வேறுபாட்டைப் பற்றி நம் பழைய நூல்களில் உண்மையாகவே கூர்மையான இடம் வேண்டுமானால் மகாபாரதத்தின் சாந்தி பர்வத்துக்குப் போங்கள். பிருகு முனிவர் பிராமணர் வெள்ளை, சத்திரியர் சிவப்பு, வைசியர் மஞ்சள், சூத்திரர் கறுப்பு என்று நிறம் பிரிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பரத்வாஜர் விடவில்லை. நிறத்தை வைத்துத்தான் வருணம் என்றால் எல்லா வருணத்திலும் எல்லா நிறமும் கலந்துதானே இருக்கிறது, ஆசை, கோபம், பயம், பசி எல்லாருக்கும் பொதுதானே, எல்லார் உடம்பிலிருந்தும் வருவது அதே வியர்வை, மலமூத்திரம், சளி, இரத்தம்தானே, பிறகு எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார். பிருகுவும் இறங்கி வந்து, தொடக்கத்தில் வேறுபாடு இல்லை, செய்கையால் பிரிந்தார்கள் என்கிறார். அந்தப் பதிலிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் பரத்வாஜரின் கேள்வி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

கேள்வி: நாங்கள் இருளர் சமுதாயம். என் மகளின் வகுப்பில் ஒரு ஆசிரியர், பழங்குடிகள் பரிணாமத்தில் பின்தங்கியவர்கள் என்று பேசியிருக்கிறார். அழுதுகொண்டு வந்தாள். விஞ்ஞானம் அப்படியா சொல்கிறது?
– ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: இல்லை. மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். இன்று உயிரோடு இருக்கும் எல்லா மனிதருக்கும் பின்னால் இருப்பது ஒரே நீளமான காலம்தான், யாரும் முந்தியவரும் இல்லை, பிந்தியவரும் இல்லை. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் கணக்கிட்டபோது, மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருந்தது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் மிஞ்சியது கொஞ்சம்தான். மனித இனங்களை ஏணிப்படியில் அடுக்கியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் லூயி அகாசி பரிணாமத்தை எதிர்த்தவர், கடவுள் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாகப் படைத்தார் என்று வாதாடியவர். டார்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதே ஏணியைப் போட்டவர்களும் வந்தார்கள். அந்த ஆசிரியர் சொன்னது அந்த மிச்சம்தான். தலைமை ஆசிரியரிடம் எழுத்திலேயே புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் மக்களின் உடம்பு பரிணாமத்தைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் வடிவ இரத்தச் சிவப்பணுவைக் கண்டு எழுதினார்கள், இந்தியாவில் அதற்கு முன் யாரும் பதிவு செய்ததில்லை. இரண்டு வருடம் கழித்து ஆப்பிரிக்காவில் அந்தோணி அலிசன், இதற்குக் காரணமான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்று காட்டினார். மலேரியாக் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் தங்கள் இரத்தத்தில் கொண்டுவந்த காப்பு அது. இரண்டு பிரதியும் சேர்ந்துவிட்டால்தான் நோய்.

அதனால் இந்தக் கேள்வியோடு இதையும் செய்யுங்கள். வீட்டில் எல்லாரும் ஒருமுறை அரிவாள் செல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், 2023-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இது நடக்கிறது. ஒரு பிரதி இருந்தால் அது நோயல்ல, பயப்பட வேண்டாம், திருமணப் பேச்சு வரும்போது மட்டும் மாப்பிள்ளை வீட்டிலும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முடிவு தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.