ஸ்போர்ட்ஸ் காரில் இஎஸ்சியை எப்போது ஆன் செய்து ஓட்ட வேண்டும், எப்போது அணைக்கலாம்?

கேட்டிருப்பது இதுதான்: பின்சக்கர இயக்கமுள்ள, சக்தி அதிகமான ஸ்போர்ட்ஸ் கார். இஎஸ்சியை (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் அமைப்பு) அணைத்தால்தான் வண்டியின் உண்மையான குணம் தெரியும், ஓட்டவும் கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா? எப்போது அணைக்கலாம்?

பொதுச் சாலையில் அணைக்கவே வேண்டாம். சாலை காய்ந்திருந்தாலும், காலியாக இருந்தாலும், நீங்கள் எத்தனை வருடம் ஓட்டிப் பழகியவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், படிப்படியாகத் தளர்த்தலாம். முழுசாக அணைப்பது, வண்டி சுழன்றாலும் மோதுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் மட்டும்.

முதலில் அந்தப் பட்டனைப் புரிந்துகொள்ளுங்கள். நிறைய கார்களில் ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும் அல்லது தளரும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் இஎஸ்சியும் சேர்ந்து அணையும். டிராக்‌ஷன் கன்ட்ரோலின் வேலை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றுவதைத் தடுப்பது. இஎஸ்சியின் வேலை, நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசைக்கும் வண்டி உண்மையில் திரும்பும் திசைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்வது. "அணைத்தே ஆக வேண்டும்" என்று வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது முதலாவது மட்டும்தான். இன்னொன்று: இஎஸ்சியை அணைத்தால் ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) அணையாது, அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். டிரைவிங் மோடை ஸ்போர்ட்டுக்கு மாற்றுவதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சில கார்களில் அது இன்ஜின், கியர், சஸ்பென்ஷனை மட்டும் மாற்றும். சிலவற்றில் சொல்லாமல் இஎஸ்சியையும் கொஞ்சம் தளர்த்திவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது இது. ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி தன் அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு விசை என்பதை வேறு சென்சார்கள் சொல்கின்றன. நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாக வருகிறது. பாஷ் நிறுவனம் தன் அமைப்பு இவற்றை விநாடிக்கு 25 முறை ஒப்பிடுவதாகச் சொல்கிறது. மெர்சிடிஸும் பாஷும் சேர்ந்து 1995இல் எஸ்-கிளாஸ் காரில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

வலதுபுற வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வழுக்கி இடப்பக்கம் வெளியே போகிறது. இஎஸ்சி உடனே முன் இடது சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். அந்த ஒரு சக்கரத்தின் இழுவை, சுழற்சிக்கு எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பிவிடும். மாறாக, முன்பக்கம் திரும்பாமல் நேராகவே போனால் பின் வலது சக்கரத்தைப் பிடித்து மூக்கை உள்ளே இழுக்கும். தேவைப்பட்டால் இன்ஜின் சக்தியையும் குறைக்கும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். மிதித்தால் நான்கும் பிடிக்கும். ஒற்றைச் சக்கரத்தைத் தனியாகப் பிடிக்க எந்த ஓட்டுநராலும் முடியாது. திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தக் கருவி உங்களிடம் இல்லை. சாலையில் அணைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் இல்லாத பிடிப்பை இஎஸ்சியால் உண்டாக்க முடியாது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், நல்ல டயர் காய்ந்த தரையில் 1 ஜி (வண்டியின் எடைக்குச் சமமான விசை) பக்கவாட்டுப் பிடிப்பு தருகிறது என்று வைத்துக்கொண்டால், வளைவைத் தாண்டக்கூடிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 80 கி.மீ. மழையில் அதே பிடிப்பு 0.6 ஜியாகக் குறைந்தால் உச்ச வேகம் சுமார் 62 கி.மீ. மழையில் 80இல் நுழைந்தவரை இஎஸ்சி காப்பாற்றாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வண்டியைச் சுழலவிடாமல், மூக்கு முன்னால் இருக்கும்படி வெளியே அனுப்பும். பக்கவாட்டில் மரத்தில் மோதுவதைவிட நேராக மோதுவது பிழைக்க வாய்ப்புள்ள விபத்து என்பதால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் நுழையும் வேகத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஸ்போர்ட்ஸ் காரில் இது சாதாரணக் காரைவிட அதிகம் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. வளைவின் நடுவில் வேகம் அதிகமென்று பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பது அதில் முதலாவது. எடை முன்னால் சாயும், பின் டயர்கள் லேசாகும், அதே நேரத்தில் இன்ஜினின் இழுவை பின்சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். பின்பக்கம் வெளியே பாய்ந்துவிடும். இன்ஜின் பின்னாலோ நடுவிலோ இருக்கும் கார்களில் இது இன்னும் மோசம். அடுத்தது டர்போ இன்ஜின். ஈரமான சந்திப்பில் இரண்டாவது கியரில் திரும்பி வெளியேறும்போது, டர்போ அழுத்தம் ஏறிய கணத்தில் விசை மொத்தமாக வந்து பின் டயர் சறுக்கும். சாலையில் வெள்ளைப் பெயின்ட் கோடு, இரும்பு மூடி எது குறுக்கே இருந்தாலும் அது போதும்.

பிறகு டயர்கள். கோடைக்கால ஹை பெர்ஃபார்மன்ஸ் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். டிராக்குக்கென்றே செய்த செமி-ஸ்லிக் டயர்கள் சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது. அகலமான டயர், தேய்ந்த டிரெட், தேங்கிய தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும்; அந்த நிலையில் இஎஸ்சிக்கும் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. புது டயர் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டரும் நிதானம் வேண்டும்.

இனி டிராக். ஒரே அமர்வில் முழு இஎஸ்சியிலிருந்து பூஜ்யத்துக்குத் தாவாதீர்கள். முதல் சுற்றுகளை முழு இஎஸ்சியோடு ஓட்டி டயரையும் பிரேக்கையும் சூடேற்றுங்கள். அதே நிலையில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே, இஎஸ்சி தலையிடுவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எங்கெல்லாம் மின்னுகிறது என்று கவனியுங்கள். வளைவில் கண்ணை எடுத்து விளக்கைப் பார்க்க வேண்டாம். சக்தி திடீரெனக் குறைவதும், ஒரு மூலையில் பிரேக் கடகடப்பதும் உடம்புக்கே தெரியும். அது எந்த வளைவு, வளைவின் எந்தப் பகுதி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது மின்னினால், ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள் என்று பொருள். டயருக்கு மொத்தப் பிடிப்பு ஓர் அளவுதான். அதைத் திரும்புவதற்குச் செலவழித்தால் முடுக்கத்துக்கு மிச்சமிருக்காது. கை ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டு வரும் அளவுக்கு ஏற்ப கால் இறங்க வேண்டும்: கை கால்வாசி நேரானால் பெடலும் கால்வாசி, பாதி நேரானால் பெடலும் பாதி. நுழையும்போதே மின்னினால், பிரேக்கைச் சட்டென விட்டிருப்பீர்கள் அல்லது ஸ்டீயரிங்கை ஒரே வீச்சில் திருப்பியிருப்பீர்கள். நடுவில் மின்னினால் பெரும்பாலும் வேகம் அதிகம், அல்லது காலைத் தூக்கியிருக்கிறீர்கள். ஒரு அமர்வு முழுவதும் நல்ல வேகத்தில் ஓட்டியும் இஎஸ்சி அபூர்வமாகத்தான் தலையிடுகிறது என்றால், அப்போது ஸ்போர்ட் அல்லது டிராக் நிலைக்குத் தளர்த்துங்கள். அங்கேயும் இதே பரிசோதனை. அந்த நாளில் டயர், காற்றழுத்தம், சஸ்பென்ஷன் எதையும் கூடவே மாற்றாதீர்கள். எதனால் வண்டியின் நடத்தை மாறியது என்று தெரியாமல் போய்விடும். மழை வந்தால் தயங்காமல் முழு நிலைக்குத் திரும்பிவிடுங்கள்.

என் கணிப்பில், டிராக்குக்கு வரும் பெரும்பான்மையோருக்கு இந்த இடைநிலையே நிரந்தர நிலையாக இருக்கலாம். கொஞ்சம் வழுக்க விட்டு, மிஞ்சினால் பிடிக்கும். நேரமும் அதிகம் இழப்பதில்லை.

இந்த இடைநிலைகள் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு மாதிரி. பிஎம்டபிள்யூ எம் கார்களில் டிஎஸ்சி (இஎஸ்சிக்கு அவர்கள் வைத்த பெயர்) பட்டனைச் சின்னதாகத் தட்டினால் எம் டைனமிக் மோட் என்ற இடைநிலை; அழுத்திப் பிடித்தால் முழுசாக அணையும். ஃபெராரி 2004இல் எஃப்430 காரில் ஸ்டீயரிங்கிலேயே இந்த நிலைகளை மாற்ற மானெட்டினோ என்ற திருகியை வைத்தது. சி7 கார்வெட்டில் வெட், டிரை, ஸ்போர்ட் 1, ஸ்போர்ட் 2, ரேஸ் என ஐந்து நிலைகள். முதல் மூன்றில் இஎஸ்சி இருக்கும், கடைசி இரண்டில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும்தான். பெயரில் "ஸ்போர்ட்" இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஆபத்து. பல போர்ஷே மாடல்களில் பிஎஸ்எம்மை (போர்ஷேவின் இஎஸ்சி) அணைத்த பிறகும், ஏபிஎஸ் இறங்கும் அளவுக்குப் பிரேக்கை மிதித்தால் அது திரும்பவும் தலையிடும்.

டிராக்கில் இஎஸ்சி ஆன் என்றால் பிரேக்கின் மீது ஒரு கண் இருக்கட்டும். நீங்கள் பெடலைத் தொடாத நேரத்திலும் அது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் பின் பேடுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேயும், பிரேக் ஆயிலும் சூடேறும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தத் தர அளவு 155 டிகிரிதான். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் பின் பேடுகளின் தடிமனைப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் உடனே வெளியே வந்து ஆறவிடுங்கள். பின் பேடு சீக்கிரம் தீர்கிறது என்பதற்காக இஎஸ்சியை அணைப்பவர்கள் உண்டு. அது தவறான வரிசை: அது அடிக்கடி தலையிடும் காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

முழுசாக அணைக்க நியாயமான இடங்கள் குறைவு. தண்ணீர் தெளித்து வழுக்க விட்ட ஸ்கிட் பேடில் பயிற்சியாளரோடு கற்பது முதலாவது. சறுக்கலைக் கையால் பிடிக்கக் கற்றுக்கொள்ள உண்மையிலேயே இஎஸ்சியை அணைத்தாக வேண்டும், ஆனால் அங்கே வேகம் 40, 50 கி.மீ.தான், தப்பினால் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும், அவ்வளவே. டிரிஃப்ட் செய்யவும் (வேண்டுமென்றே பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டவும்) அணைக்க வேண்டும். ஸ்டீயரிங் எதிர்த்திசையில் இருப்பதை வழுக்கலாகவே இஎஸ்சி எடுத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். இரண்டு சக்கரம் மட்டும் சுற்றும் டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் உருளை மேடை) ஏற்றும்போதும் அணைக்க வேண்டும். முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் சுற்றினால் அது சக்தியை வெட்டிவிடும். மணல், சேறு, பனியில் சிக்கியபோது டிராக்‌ஷன் கன்ட்ரோலை மட்டும் அணைத்து மெதுவாக வெளியே வந்து, கெட்டியான தரை வந்ததும் திரும்பப் போடுங்கள். பந்தய ஓட்டுநர்கள் இஎஸ்சி இல்லாமல் ஓட்டுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: ஜிடி3 பந்தயக் கார்களிலும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டும் உண்டு. கூடவே இரும்புக் கூண்டு, ஸ்லிக் டயர், வளைவுக்கு வெளியே தாராளமாக விட்ட காலியிடம். எதிரே வரும் லாரி அங்கே இல்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் அதில் இஎஸ்சி இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து. அதற்கு முன்பு நிலைமை வேறு. போர்ஷே கரேரா ஜிடிக்கு இது இல்லை. அமெரிக்காவில் விற்ற ஹோண்டா எஸ்2000க்கு 2006 மாடலில்தான் வந்தது. இல்லாத காரை இருக்கும் காரைப் போல ஓட்டக் கூடாது.

காரணமில்லாமல் நேர்ச்சாலையிலோ லேசான வளைவிலோ இஎஸ்சி தலையிட்டால் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு விகிதம் மாறியிருக்கலாம். ஒரு பக்கம் தேய்ந்தது, மறுபக்கம் புதியது என்று போட்டாலும் சக்கர வேகங்கள் பொருந்தாமல் இஎஸ்சி குழம்பும். வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்யப்படுத்தாமல் விட்டிருந்தாலும் இதே தொல்லை. அலைன்மென்ட் செய்த இடத்திலேயே ஸ்கேனரை இணைத்துச் செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. விளக்கு மின்னினால் அமைப்பு வேலை செய்கிறது. ஓட்டும்போது நிலையாக எரிந்தால், நீங்கள் பட்டனை அழுத்தாத பட்சத்தில், அது பழுது: பெரும்பாலும் சக்கர வேக சென்சார் அல்லது அதன் வயர். சரிசெய்யும் வரை அந்த வண்டியில் இஎஸ்சி இல்லை என்றே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.