நீர்மூழ்கியில் வந்த பெரிய தாத்தா: ஓர் ஒற்றரின் வாழ்க்கையை எங்கே தேடுவது?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் சித்தூரில் பள்ளி ஆசிரியை. என் தாத்தாவின் அண்ணன் 1930களில் மலேயாவுக்கு எஸ்டேட் கணக்குப்பிள்ளையாகப் போனார். கடைசிக் கடிதம் 1941 நவம்பரில் வந்தது. அதன்பின் ஜப்பான்காரன் அவரை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி உளவுக்கு அனுப்பினான், பிடிபட்டு மெட்ராஸ் ஜெயிலில் செத்துப்போனார் என்று வீட்டில் சொல்வார்கள். ரகசிய வேலை என்பதால்தான் கடிதமே போடவில்லையாம். 1943ல் போலீஸ் வீட்டுக்கு வந்து அவர் போட்டோவை வாங்கிக்கொண்டு போனதைப் பாட்டியே நேரில் பார்த்திருக்கிறார். அவர் கதையை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீர்மூழ்கியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எடை உள்ள சங்கதி பாட்டி பார்த்த போலீஸ்தான். ஒற்றராகப் போனவர் தன்னைப் பற்றி எதையும் எழுதி வைக்கமாட்டார். அனுப்பியவர்களும் தோற்று ஓடும்போது காகிதங்களை எரித்துவிட்டார்கள். மிஞ்சுவது பிடித்தவன் எழுதியது. அதனால் இந்த வேலையில் ஒருவரைத் தேடுகிறோம் என்றால், அவரை விரட்டியவர்களின் மேசையைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கடித விஷயம். ஜப்பான் படை மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதற்கப்புறம் மலேயா எதிரி நாட்டின் பிடியில் இருந்த இடம்; சாதாரணத் தபால் போக்குவரத்து அறுந்துபோனது. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்கும் 1942ல் கடிதம் வரவில்லை, மணியார்டரும் வரவில்லை. ஆகவே கடிதம் நின்றதை ரகசிய வேலைக்குச் சாட்சியாக எழுதாதீர்கள். போலீஸ் போட்டோ கேட்டு வந்தது வேறு ரகம். யாரோ ஒருவருக்கு அவர் முகம் தேவைப்பட்டிருக்கிறது.

நீர்மூழ்கிக் கதை முழுக்கக் கற்பனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் இந்திய சுயராஜ்ய பயிற்சிக்கூடம் ஒன்று நடந்தது. அங்கே உளவு வேலைக்குப் பழக்கப்பட்ட இளைஞர்களில் ஒரு குழுவை ஜப்பானிய நீர்மூழ்கி 1942 செப்டம்பர் கடைசியில் மலபார் கரையில் தானூர் அருகே இறக்கிவிட்டது. உடனே பிடிபட்டார்கள். இன்னொரு குழு குஜராத்தின் கத்தியவார் கரையில் இறங்கியது, வேறு சிலர் பர்மா வழியாகத் தரைமார்க்கமாக வந்தார்கள். 1943ல் எதிரி ஏஜென்டுகள் அவசரச் சட்டம் வந்தது. அதன்படி மெட்ராஸில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் நால்வரும் மெட்ராஸ் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். காதர் தூக்குக்கு முன் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் கேரளத்தில் பலருக்கும் தெரிந்தது.

அன்று தூக்கிலிடப்பட்ட இந்த நால்வரின் பெயர்கள் தெரியும். உங்கள் பெரிய தாத்தா அதில் இல்லை. ஆகவே உங்களுக்கு முன் நிற்கும் கேள்வி, அவர் ஒற்றரா என்பதற்கு முன்னால், என்னவாக இருந்திருக்கலாம் என்பது. பினாங்கில் பயிற்சி பெற்றும் அனுப்பப்படாதவராக இருக்கலாம். இந்திய சுதந்திர லீக்கின் கிளையில் சந்தா வசூலித்தவராக இருக்கலாம். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவில் சேர்ந்தவராக இருக்கலாம். மறுபக்கம், மலேயாவில் பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஃபோர்ஸ் 136 என்ற ரகசியப் படை இருந்தது. வீட்டில் சொல்லப் பிடிக்காத இன்னொன்றும் உண்டு: ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள், பெயர்கூடப் பதியாமல். அப்படிப் போன ஒருவரை நினைத்து வருந்துவதைவிட, ஒற்றராகப் போனார் என்று சொல்வது ஒரு குடும்பத்துக்கு எளிது. நான் உங்கள் குடும்பத்தைச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால்தான் கிடைப்பதை நம்பலாம்.

சரி, அந்தப் போலீஸ். இங்கேதான் உங்கள் ஊர் உதவிக்கு வருகிறது. இன்று சித்தூரும் பாலக்காடும் ஒரே மாவட்டம். 1943ல் சித்தூர் கொச்சி ராஜ்யம். பக்கத்திலேயே பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். மெட்ராஸ் சிஐடி நினைத்த மாத்திரத்தில் சித்தூரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மெட்ராஸ் அரசு, ராஜ்யங்களுக்கான பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட்டுக்கு எழுத வேண்டும், அவர் கொச்சி திவானுக்கு எழுத வேண்டும், திவான் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். அன்றைக்கு அது தொல்லை, இன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே விசாரணை மூன்று நான்கு அலுவலகங்களில் நகலாகத் தங்கியிருக்கும். ஒன்று செல்லரித்துப் போயிருந்தாலும் இன்னொன்று இருக்க வாய்ப்புண்டு.

கொச்சி ராஜ்யத்தின் காகிதங்களுக்கு எர்ணாகுளத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தின் மண்டல அலுவலகம். மலபார் பக்கத்துக் காகிதங்களுக்குக் கோழிக்கோடு. மெட்ராஸ் அரசின் தலைமைச் செயலகக் காகிதங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே பொதுத் துறையின் ரகசியக் கோப்புகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் வரிசை எர்ணாகுளம், எழும்பூர், பிறகு கோழிக்கோடு. போகும் முன் அடையாள அட்டை, ஒரு கடிதம், என்ன ஆண்டு, எந்தத் துறை என்ற விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். 'என் தாத்தா பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் காப்பக ஊழியர் பாவம் என்ன செய்வார்? '1943, திவான் அலுவலகம், எதிரி ஏஜென்டுகள் பற்றிய கடிதப் போக்குவரத்து, அட்டவணை வேண்டும்' என்று கேட்டால் அவருக்கே உற்சாகம் வந்துவிடும்.

பெயரைத் தேடும்போது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் வேண்டும். அவர் பெயர் சின்னசாமி என்று வைத்துக்கொள்வோம். மெட்ராஸ் குமாஸ்தா ஆங்கிலத்தில் 'சி'யும் 'ஹெச்'சும் போட்டுத் தொடங்குவார். மலேயாக் குமாஸ்தா 'எஸ்' போட்டுத் தொடங்குவார், கடைசியில் 'ஒய்' வைப்பார். நடுவில் 'டபிள்யூ' வருமா வராதா என்பது அவரவர் இஷ்டம். பஞ்சாபி ஹவில்தார் எழுதினால் எப்படி இருக்கும் என்று நானே சொல்லத் துணியமாட்டேன். இனிஷியல் அப்பா பெயரா, ஊர்ப் பெயரா, வீட்டுப் பெயரா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கூடவே புனைபெயர் வேறு. ஆகவே பெயரைவிட அப்பா பெயர், ஊர், தாலுகா, வேலை பார்த்த எஸ்டேட் இந்த நான்கையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள். போலீஸ் அறிக்கையில் 'இன்னாரின் மகன், சித்தூர் தாலுகா, கொச்சி ராஜ்யம்' என்ற மாதிரி வரி பெரும்பாலும் வரும். 'சித்தூர்' என்று மட்டும் தேடினால் ஆந்திரச் சித்தூரும் சேர்ந்து வந்து உயிரை எடுக்கும், அதுவும் அன்று மெட்ராஸ் மாகாணம்தான்.

விசாரணை வாக்குமூலம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் முதல் நாள் தூக்கம் வராது. இரண்டாம் நாள் நிதானமாகப் படியுங்கள். தமிழில் அவர் சொன்னதை மலையாளம் பேசும் போலீஸ்காரர் காதில் வாங்கி, ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சொன்னவர் கழுத்தைக் காப்பாற்றப் பேசியவர். 'ஊருக்குத் திரும்ப வேறு வழியில்லாததால்தான் சேர்ந்தேன், கரை இறங்கியதும் போலீஸில் சரணடைய இருந்தேன்' என்பது இந்த மாதிரி வாக்குமூலங்களில் பலரும் சொன்ன கதை. உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஏன் சேர்ந்தார் என்பதற்கு அந்தக் காகிதத்தை நம்பாதீர்கள். எங்கே பயிற்சி, யார் கூட இருந்தார்கள், எந்தத் தேதி கிளம்பினார்கள் என்பதை மற்றவர்களின் வாக்குமூலத்தோடு ஒட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கோப்புகளில் எப்போதும் பிடித்த பக்கம் மகஜர். பையில் என்ன பணம், எத்தனை சட்டை, டார்ச் இருந்ததா, வயர்லெஸ் சாமான் இருந்ததா என்று ஒரு சப் இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய் எழுதிய பட்டியல். அதில் யாரும் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதில்லை.

வாக்குமூலத்தில் அவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்திருந்தால்? அப்ரூவராகவே மாறியிருந்தால்? அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் அவர் சொன்ன பெயர்களின் பேரன் பேத்திகள் இன்னும் பக்கத்து ஊரில் இருப்பார்கள். கோப்பைப் படம் பிடித்து அப்படியே வாட்ஸ்அப்பில் போடுவது வேண்டாம்.

வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளை அபிலேக் படல் என்ற தளத்தில் ஏற்றிவருகிறது. உள்துறை அரசியல் பிரிவின் கோப்புகள் அதில் ஏராளம். ஒவ்வொரு மாகாணமும் மாதம் இருமுறை அனுப்பிய நிலவர அறிக்கைகளும் அங்கே உண்டு. 18 என்று தொடங்கி மாதமும் ஆண்டும் கொண்ட எண்ணில் இருக்கும். பாதுகாப்பு அமைச்சகம் 1997ல் கொடுத்த ஐஎன்ஏ கோப்புகளும் அந்தக் காப்பகத்தில்தான். மலேயா வாழ்க்கைக்கு, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் ஜப்பான் ஆட்சிக்கால ஆங்கில இதழான சியோனான் ஷிம்புன் இருக்கிறது. லீக் கூட்டங்கள், நன்கொடைகள் பற்றிய செய்திகள் அதில் வரும். அக்காலத்து இந்தியப் பத்திரிகைகளில் மட்டும் உளவு வழக்குச் செய்தியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், போர்த் தணிக்கையைத் தாண்டி அது வந்திருக்க வாய்ப்பு குறைவு.

லண்டனை இப்போது நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளும் லண்டனில் க்யூ என்ற இடத்திலுள்ள தேசியக் காப்பகமும் முக்கியமானவைதான். ஆனால் கோப்பு எண் தெரியாமல் அங்கே நகல் கேட்டால் பணம்தான் போகும். ஒருவேளை அவர் பிரிட்டிஷ் தரப்பு ஏஜென்டாக இருந்தால் க்யூவில் ஆள்வாரியான கோப்புகள் உண்டு. பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களின் கோப்பைத் திறக்க மரணச் சான்று கேட்பார்கள். 1930களில் வேலைக்குப் போனவர் என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இடம் பாக்கி. ஒன்று சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ். தாத்தாவும் சகோதரர்களும் பாகம் பிரித்தபோது எழுதிய பத்திரத்தைப் பாருங்கள். ஏழு ஆண்டு தகவலில்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று 1872ன் சாட்சியச் சட்டம் சொன்னது. ஆகவே அண்ணன் பங்கை எப்படிக் கையாண்டார்கள், அவரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது அதில் இருக்க வாய்ப்புண்டு. 'மலேயாவில் இறந்தார்' என்று இருக்கிறதா, 'காணாமற்போனார்' என்று இருக்கிறதா பாருங்கள். சொத்து என்று வரும்போது குடும்பங்கள் அவ்வளவு எளிதாகக் கதை விடுவதில்லை.

இன்னொன்று கலெக்டர் ஆபீஸ். 1972ல் தொடங்கிய தியாகி பென்ஷனுக்கு ஐஎன்ஏக்காரர்களும் விண்ணப்பித்தார்கள். சிறைச் சான்று கிடைக்காதவர்கள் கூடச் சிறையிலிருந்த இன்னொருவரிடம் சான்று வாங்கி இணைத்தார்கள். உங்கள் பெரிய தாத்தா பெயரில் விண்ணப்பம் இருக்காது. ஆனால் சித்தூர், கொல்லங்கோடு, பொள்ளாச்சி பக்கத்திலிருந்து மலேயா போய்த் திரும்பிய வேறொருவரின் விண்ணப்பத்தில் 'என்னுடன் பினாங்கில் இருந்தவர்கள்' என்று அவர் பெயர் வந்திருக்கலாம். இதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு 8(3) பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். உளவுத் துறைக்கே மனுப் போட்டால் உளவு அமைப்புகளுக்கு விலக்கு தரும் 24ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த வீண்வேலை வேண்டாம்.

அப்புறம் எர்ணாகுளத்தில் உங்கள் ஊர்ப் பெயர் உள்ள கோப்பு ஒன்று கிடைத்தால், அட்டவணையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டிரண்டு கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிப்போன போட்டோவை 'பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்' என்ற கடிதத்தோடு சேர்த்துப் பக்கத்துக் கோப்பில் கட்டி வைத்திருக்க நிறைய வாய்ப்புண்டு.