நல்லூருக்கு வெளிநாட்டு உறவுகள் வரும் நேரத்தில் தொற்றும் வந்தால்

கேள்வி: எங்கள் வீடு கொக்குவிலில். அம்மாவுக்கு 81 வயது; நீரிழிவும் ஆஸ்துமாவும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து அண்ணா குடும்பமும் லண்டனிலிருந்து தங்கச்சி குடும்பமுமாக ஒன்பது பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை எங்களோடு நிற்கப்போகினம். அதற்குள் அம்மாவின் பிறந்தநாளை ஒரு ஏசி மண்டபத்தில் கொண்டாடவும் யோசனை. 2020இல் இதேபோல் போட்ட திட்டம் கொரோனாவால் குழம்பி, ரிக்கற் காசிலும் ஒரு பங்கு போய்விட்டது. மறுபடி அப்படி ஒரு தொற்று பரவினால் என்ன செய்வது? மாஸ்க் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது வீட்டில் எல்லாருக்கும் கோபம் வருகிறது.

பதில்: அந்தக் கோபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றத் திட்டமெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆபத்து அதிகமென்று பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. சனம் கிழமைக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தது. ஓராண்டு கழித்து 2021 சித்திரைப் புத்தாண்டுக்கு நாடெங்கும் அதே சனம் பஸ் ஏறி ஊருக்குப் போனது, கடைத்தெருவில் நெரிபட்டது, கூடியிருந்து சாப்பிட்டது. வேகமாகப் பரவும் அல்பா திரிபும் அப்போது நாட்டுக்குள் இருந்தது. தொற்று பெருகி, மே 21 முதல் பயணத்தடை வந்தது. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் ஊரடங்கு. இதைப் பொறுப்பின்மை என்று ஏசிப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2020இலேயே கட்டுப்பாடுகளில் வரும் இந்தச் சலிப்பை ஆராய்ந்து, நீண்டகால நெருக்கடிக்கு மனிதர் காட்டும் இயல்பான எதிர்வினைதான் இது என்று சொன்னது. ஆகவே, இரண்டு கிழமையும் எல்லாரும் எல்லா இடத்திலும் கவனமாக இருக்கவேண்டும் என்று கேட்டால் மூன்றாம் நாளே திட்டம் உடையும். ஆபத்து உண்மையில் கூடிய சில மணி நேரங்களுக்கு மட்டும் கேளுங்கள்; மற்ற நேரத்தில் அவர்களை விட்டுவிடுங்கள்.

அந்தச் சில மணி நேரம் எது என்பதில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். கொரோனா போன்ற சுவாசத் தொற்று பெரும்பாலும் காற்றினால் பரவுவது. அடைத்த இடம், நீண்ட நேரம், திறந்த வாய் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவும் ஆபத்து மிகக் கூடும். 2020 மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒரு மண்டபத்தில் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். நோய் அறிகுறியோடு இருந்தவர் ஒரேயொருவர். அவரோடு சேர்த்து 53 பேர் நோயாளிகளானார்கள், இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், யன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரு ஏசி அந்த மூன்று மேசைக்கும் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி வீசியிருந்தது.

இந்தக் கணக்கை உங்கள் திட்டத்தில் வைத்துப் பாருங்கள். தேர்த்திருவிழா நாளில் நல்லூர் வெளிவீதியில் நிற்கும் கூட்டம் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் தலைக்குமேல் வானம், காற்று ஓடுகிறது, பக்கத்தில் நிற்பவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம், ஒன்பது பேரும் கண்ணாடி ஏற்றிய வானுக்குள், ஏசியில், கதைத்துச் சிரித்துக்கொண்டு வருவது அதைவிடப் பலமடங்கு ஆபத்து. ஆபத்து என்று ஒருவரும் நினைக்காத இடமும் அதுதான். வானின் ஏசியை உள்காற்றைச் சுற்றும் நிலையில் விடாமல் வெளிக்காற்றை எடுக்கும் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். சாரதிகள் குளிர் குறையுமென்று இதற்குத் தயங்குவார்கள், முதலே பேசிவைக்க வேண்டும். முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் எதிர்ப்புறமாக ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டாலே காற்று குறுக்காக ஓடும். சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். இரு குடும்பத்துக்கும் இரண்டு வான் பிடிக்க முடியுமானால் இன்னும் நல்லது. ஒரு குடும்பத்தின் தொற்று மற்றதற்குத் தாவாது.

கோயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். திருவிழா 25 நாள். அம்மாவைத் தேருக்கும் தீர்த்தத்துக்கும் கூட்டிப்போவதை விட, இடையில் ஒரு சாதாரண நாள் காலையில் கூட்டிப்போய் வெளிவீதியில் நின்று கும்பிடவையுங்கள். உள்ளே நெரிசலில் நிற்கிற சில நிமிடம் மட்டும் மாஸ்க் போதும். அன்னதானப் பந்தியில் எல்லாரும் வாய் திறந்து இருப்பதால் அவருக்கு அது வேண்டாம். கசூரினா கடற்கரை, கீரிமலை போன்ற திறந்தவெளிப் பயணங்களுக்குத் தடை போடத் தேவையில்லை. நெடுந்தீவுக்குப் போனால் படகில் காற்றுப்படும் இடத்தில் இருங்கள்.

மண்டபம் வேறு கதை. எங்கள் பக்கத்து ஏசி மண்டபங்கள் பலவற்றில் இருப்பது சுவரில் மாட்டும் ஸ்பிளிற் ஏசி. அது அறைக்காற்றையே குளிராக்கித் திரும்ப விடுமே தவிர, வெளிக்காற்றை உள்ளே எடுக்காது. குளிராக இருப்பதால் காற்று சுத்தம் என்று தோன்றும். அது தோற்றம் மட்டுமே. பாட்டுப் பெட்டியின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கதைப்பதால் வாயிலிருந்து வெளிவரும் துளிகளும் கூடும். தொற்றுக் காலம் என்றால் மண்டபத்தை விட்டுவிட்டு வளவில் பந்தல் போடுங்கள். பந்தலின் நான்கு பக்கமும் துணி தொங்கவிட்டு அலங்கரித்தால் அதுவும் மண்டபமாகிவிடும். குறைந்தது இரண்டு எதிரெதிர்ப் பக்கங்கள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஆடி ஆவணியில் சோளகக் காற்று வீசுவதால் தெற்கு, மேற்குப் பக்கங்களை மறைக்காதீர்கள். அம்மாவின் கதிரையைக் காற்று வந்து நுழையும் பக்கத்தில் போடுங்கள். கூட்டத்தின் மூச்சைத் தாண்டி வரும் காற்று அவருக்கு வேண்டாம். விருந்தை மூன்று மணி நேரம் நீட்டாமல் ஒன்றரை மணிக்குள் முடிப்பது, எழுபது பேரை முப்பதாகக் குறைப்பது இரண்டும் பலன் தரும். முடியாதென்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

இனி வீடு. பகலெல்லாம் கவனமாக இருந்து இரவில் தொற்றைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. பின்னேரம் ஆறு மணியானால் நுளம்புக்காக எல்லா யன்னலையும் சாத்திவிடுகிறோம். பிறகு ஹோலில் பாய் போட்டு ஆறேழு பேர் எட்டு மணி நேரம் ஒரே காற்றில் படுக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு அம்மம்மாவின் அறையில்தான் படுக்க ஆசை. யன்னல்களுக்கு நுளம்பு வலை அடிப்பதை அவர்கள் வர முன்னமே செய்து முடியுங்கள். வலை காற்றின் வேகத்தைக் குறைக்கும். அதனால் நிற்கிற ஃபான் ஒன்றை யன்னலை நோக்கித் திருப்பி, உள்காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். எதிர் யன்னலால் புதுக்காற்று வரும். நடுவில் முற்றமுள்ள பழைய நாற்சார் வீடாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள், விறாந்தையிலேயே எல்லாரையும் இருத்தலாம். அம்மாவின் அறையில் அவரோடு வழமையாக இருப்பவர் மட்டும் படுக்கட்டும். வருவோரில் இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் மாமி, சித்தப்பா வீட்டில் தங்கவைத்தால் வீடு மூச்சுவிடும்.

காற்றோட்டம் போதுமா என்று கண்ணால் பார்க்க முடியாது. காபனீரொட்சைட்டு மானி ஒன்றை அண்ணாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாம் விடும் மூச்சிலுள்ள அந்த வாயு அறைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்.டி.ஐ.ஆர் வகை உணரி உள்ளதாக இருக்கவேண்டும். மலிவானவை பல மதுசார வாடைக்கும் எண்ணைக் கூட்டிக் காட்டும், கை கழுவும் சானிரைசரை அருகில் பிடித்தாலே பிடிபட்டுவிடும். வெளியே முற்றத்தில் அது 420க்குச் சற்று மேல் காட்டும். அறைக்குள் 800க்குக் கீழ் நின்றால் நல்லது. 1500ஐத் தாண்டினால் யன்னல் திறக்கவேண்டும் என்று பொருள். யாருக்கும் புத்தி சொல்லவேண்டிய அவசியம் இதனால் குறைகிறது. எண்ணைப் பார்த்துப் பிள்ளைகளே ஓடிப்போய் யன்னல் திறப்பார்கள்.

அன்டிஜன் பரிசோதனைப் பெட்டி ஒருவருக்கு நான்கு என்ற கணக்கில் கொண்டுவரட்டும். அவற்றை 2 முதல் 30 பாகை செல்சியசுக்குள் வைக்கவேண்டும். நம்மூர் வெய்யிலில் வானின் முன்தட்டில் விட்ட பெட்டி பிழையான முடிவு தரலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் அறைவெப்பத்துக்கு வந்த பிறகே பாவியுங்கள். பெரும்பாலானவற்றை 15ஆவது நிமிடத்தில் பார்க்கவேண்டும், அரை மணிக்குப் பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது. பெட்டியில் எழுதிய நேரமே முடிவானது. ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்ததை வைத்து நிம்மதியாகாதீர்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள். விமானத்தில் தொற்றியது தெரிய நாள் எடுக்கும். முதல் வகைக் கொரோனாவுக்கு இந்த இடைவெளி சராசரி ஐந்தாறு நாள், ஒமிக்ரோனுக்கு மூன்று நாளளவு. அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குப் பரவவும் கூடும். ஆகவே வந்து இறங்கிய முதல் ஐந்து நாள் அம்மாவை விறாந்தையிலும் மாமரத்தடியிலும் சந்திக்கட்டும், மூன்றாம் ஐந்தாம் நாள்களில் பரிசோதனை செய்யட்டும். பிறந்தநாளை வந்த மறுநாளே வைக்காமல் இரண்டாம் கிழமைக்குத் தள்ளுங்கள். அன்று காலையும் ஒரு பரிசோதனை. புதிதாக வேறொரு நோயானால் இந்த நாள்கணக்கு மாறும். எப்படிப் பரவுகிறது, எத்தனை நாளில் வெளிப்படுகிறது என்ற இரண்டையும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, ஐந்து என்ற எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

கோயிலின் உள்நெரிசலைத் தவிர, மாஸ்க்கை மூன்றே இடத்தில் கேட்டால் போதும்: விமானத்திலும் விமான நிலையத்திலும், அம்மாவின் அறைக்குள், வைத்தியசாலையில். கே.என்.95 அல்லது என்.95 ஆக இருக்கட்டும். நீல நிறச் சாதாரண மாஸ்க்கில் கன்னப்பக்கம் இடைவெளி விடுவதால் காற்று வடிபடாமல் உள்ளே போகும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி புகைபடிந்தால் இறுக்கம் போதாது. அம்மாவுக்கு ஆஸ்துமா என்பதால் அவரை வற்புறுத்தாதீர்கள், உள்ளே போகிறவர் போடட்டும். பொதிகளைத் துடைப்பது, காசைக் கழுவுவது எல்லாவற்றையும் கைவிடுங்கள். கொரோனா அப்படிப் பரவுவது மிக அரிது. பொறுமை வீணாய்ப் போவதுதான் மிச்சம். சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது மட்டும் விருந்து வீட்டு வயிற்றோட்டத்துக்காகவாவது வேண்டும்.

சண்டையைத் தவிர்க்க, ரிக்கற் போட முன்னமே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய வாசலில் சொன்னால் அது அவமதிப்பாகப் படும். வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: “அண்ணா, நீங்கள் எல்லாரும் வாறது அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். வருத்தம் பரவினால் மூண்டே மூண்டு விசயம் கேக்கிறன். முதல் அஞ்சு நாள் அம்மாவை வெளியில வச்சுக் கதைப்பம். அவவின்ர அறைக்குள்ள போகேக்க மட்டும் மாஸ்க் போடுவம். தடிமன் காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லுவம். மிச்சத்துக்கு உங்கட விருப்பம்.” ஊர் உறவுகளுக்குச் சொல்லும் அழைப்பிலும் ஒரு வரி சேருங்கள்: தடிமன் இருமல் இருந்தால் வராமல் விடலாம், மனத்தாங்கல் இல்லை, சாப்பாடு வீடு தேடி வரும் என்று. கொண்டாட்டத்துக்குப் போகாவிட்டால் குறை நினைப்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுக்கொண்டு வந்து பந்தியில் இருக்கிறார்கள். சொன்னபடி பார்சலை அனுப்பிவிடுங்கள்.

ரிக்கற் காசு விடயத்தில், 2020 மார்ச்சில் கட்டுநாயக்கா வருகையாளருக்கு மூடப்பட்டு, உல்லாசப் பயணிகளுக்கு 2021 ஜனவரி 21இல்தான் திறந்தது. யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்த சேவை 2020 மார்ச்சில் நின்று 2022 டிசம்பரில்தான் மீண்டது. சென்னை வழியாக வர நினைப்பவர்கள் இதையும் யோசிக்கவேண்டும். தொற்றுச் செய்தி வந்ததும் பயந்து நீங்களாக ரத்துச் செய்யாதீர்கள். நீங்கள் ரத்துச் செய்தால் ரிக்கற் விதிப்படி கிடைப்பதுதான் கிடைக்கும். விமான நிறுவனம் ரத்துச் செய்தால், பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணத்துக்கு ஏழு நாளுக்குள் காசைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. கனடாவில் 2022 செப்டெம்பர் முதல், நிறுவனத்தின் கையை மீறிய காரணமானாலும், 48 மணி நேரத்துக்குள் மாற்றுப் பயணம் தர முடியாவிட்டால் காசைக் கேட்கலாம். வவுச்சரை அவசரப்பட்டு ஏற்றுக்கொண்டால் காசுக்கான உரிமை போகலாம். முகவர் மூலம் வாங்கிய ரிக்கற்றின் காசு முகவரிடம்தான் திரும்பும், அவருடைய கழிவுக் கட்டணத்தை முதலே எழுத்தில் கேட்டு வையுங்கள். காப்புறுதியை ரிக்கற் வாங்கும் அன்றே வாங்குங்கள். தொற்று பகிரங்கமான பிறகு வாங்கினால் ‘தெரிந்த நிகழ்வு’ என்று தள்ளிவிடுவார்கள். பயணம் செய்யாத பெற்றோருக்கு நோய் வந்து ரத்தானால் காசு உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டினால், அரசாங்கத் தடை வந்தால் திகதி மாற்றலாம் என்ற வரியைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். எடுத்தவுடன் கொரோனா என்று முடிவுகட்டாதீர்கள், யாழ்ப்பாணத்தில் டெங்கையும் நினைக்கவேண்டும். பரசிற்றமோல் தவிர ஐபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். வெளிநாட்டிலிருந்து வருவோரின் மருந்துப் பையில் ஐபுபுரோபன் அநேகமாக இருக்கும். அம்மா வேறு காரணத்துக்காக வழமையாக அஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்விக்கவும். அம்மாவுக்கே வந்தால் இரண்டு நாள் காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தொற்றில் சீனி ஏறும், வழமையை விடக் கூடுதல் தடவை பார்க்கவேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவியை நகப்பூச்சு இல்லாத, குளிராத விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். 94க்குக் கீழே நின்றாலோ, ஒரு வசனத்தை முழுதாய்ச் சொல்ல மூச்சு வாங்கினாலோ, தடுமாற்றமாகப் பேசினாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். அவர் பாவிக்கும் மருந்துகளின் பட்டியலையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் இப்போதே மாட்டி வையுங்கள்.