இபிட். தப்பான நூலைக் காட்டினால்

வணக்கம். 14-ஆம் அடிக்குறிப்புக்குப் பிறகு புதிதாக ஒன்றைச் சேர்த்ததும், அதன் கீழே இருந்த 'இபிட்.' வேறொருவர் நூலைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மென்பொருளில் கோளாறு இல்லை. 'இபிட்.' என்பது 'இபிடெம்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம்; 'அதே இடத்தில்' என்று பொருள். தமிழ் ஆய்வேடுகளில் வரும் 'மேலது' போலத்தான். நேர் மேலே உள்ள குறிப்பை மட்டுமே அது பார்க்கும். அந்தக் குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்தாலும் போடக் கூடாது, எது என்று யாருக்கும் புரியாது.

ஒவ்வொன்றாக ஒட்டுப்போட வேண்டாம். இபிட். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்க எண் என்று எழுதுங்கள். பிறகு எங்கே நகர்த்தினாலும் குழப்பம் வராது. மேற்கோள் முறைகளைச் சொல்லும் சிகாகோ கையேடும் 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் விரும்புகிறது. திருத்தும்போது, புதிய குறிப்பைச் சேர்ப்பதற்கு முந்தைய கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். இபிட்.-க்குக் கீழே இன்னொரு இபிட். இருந்தால் பழைய கோப்புதான் கைகொடுக்கும்.

ஆப். சிட்.-ஐ அறவே விட்டுவிடுங்கள். 'முன்பு சொன்ன நூலில்' என்று மட்டும் சொல்லி, படிப்பவரை 40 பக்கம் பின்னால் தேட அனுப்புவது நியாயமில்லை.

'மற்றும் பிறர்' என்று பொருள்படும் எட் ஆல். பற்றியும் கேட்டிருந்தீர்கள். புள்ளி கடைசியில் மட்டும்தான். 'எட்' முழுச் சொல், 'ஆல்.' மட்டுமே சுருக்கம். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் 7-ஆம் பதிப்புப்படி, மூவரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால், கட்டுரைக்குள் முதல் தடவையிலிருந்தே அதைப் போடலாம். நூற்பட்டியலில் 20 பேர் வரை எல்லாப் பெயர்களும் வர வேண்டும்.